பால் காய்ச்சினால் அது வீடு

வாருங்கள் அண்ணா. தலையைக் குனிந்து வாருங்கள், நிலை கொஞ்சம் தாழ்வு. அடடா, இடித்துவிட்டதா? உட்காருங்கள், உட்காருங்கள். இங்கே வருகிற எல்லோரும் ஒரு தடவை இடித்துக்கொள்கிறார்கள். கதவுக்கு அளவெடுத்தபோது என் உயரத்துக்குத்தான் எடுத்தேன். நான் ஒருவன்தானே நுழையப்போகிறேன் என்று நினைத்துவிட்டேன். நீங்கள் கட்டும்போது இதை முதலில் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்காக ஓர் அறை கட்டப்போவதாகப் போனில் சொன்னீர்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாளா? நல்லது. ஆள் வைக்காமல் நீங்களே கட்டினால் செலவு குறைவு, ஆனால் தெரியாமல் இறங்கக் கூடாது. நான் தெரியாமல்தான் இறங்கினேன். வீடியோ பார்த்துப் பார்த்துக் கட்டினேன். ஒவ்வொரு தப்பையும் செய்து, பிரித்து, மறுபடி செய்து கற்றுக்கொண்டேன். அதனால் யார் வந்து கேட்டாலும் ஒளிக்காமல் சொல்லிவிடுவது. டீ போடட்டுமா? பால் இல்லை, கட்டன் டீதான். சரி, பேசிக்கொண்டே போடுகிறேன்.

நான் பார்ப்பது பெங்களூர் கம்பெனி வேலை. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆறாம் வகுப்பிலிருந்தே ஹாஸ்டல். அதனால் இனி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனியில் சொன்னதும் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "எம்பையன் கம்பெனியவே வூட்டுக்குக் கொண்டாரான்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

வீட்டை வரும்போது பார்த்திருப்பீர்கள். முன்னால் இருப்பதுதான். இரண்டே அறை. அம்மா, அண்ணன் மயில்சாமி, கோகிலா அண்ணி, அவர்களுடைய பாப்பா நித்திலா. அப்பா இல்லை. அண்ணன் பக்கத்துக் குடோனில் தறி ஓட்டுகிறான். அம்மாவும் அங்கேதான் இருந்தாள், முட்டி வலி வந்து நிற்கும்வரை. தறி ஓட்டுகிறவர்கள் மெதுவாகப் பேசி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, தறி நின்ற பிறகும் அதே குரல்தான் வரும். எங்கள் வீட்டில் உப்பு கேட்டால் சண்டை போடுவது மாதிரி இருக்கும். அவர்கள் மேல் தப்பில்லை. நான் அப்படிச் சொல்லவே மாட்டேன்.

ஆனால் மீட்டிங் என்று ஒன்று இருக்கிறதே. உங்கள் மகளுக்குத் தெரியும். எங்கள் டீம் லீடர் ஏதோ கேட்கிறார், நான் பதில் சொல்ல மைக்கைத் திறக்கிறேன், உள்ளேயிருந்து, "தரணீ, பழைய சோறு கெடக்குது, கரைச்சுக் குடிக்கறயா?" டீம் லீடர் நல்ல மனிதர். "தரணி, பின்னாடி ஏதாவது பாக்டரி ஓடுதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் எனக்குக் காது சூடாக இருந்தது.

இன்னொரு நாள், நான் பேசிக்கொண்டிருக்கிறேன், அம்மா எனக்குப் பின்னால் தண்ணிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறாள். சேலையைத் தூக்கிச் செருகியிருக்கிறாள். திரையில் அவள் தெரிந்ததும் நான் கையால் இப்படிச் செய்தேன். பார்த்தீர்களா, இப்படி, புறங்கையால். வேறொன்றுமில்லை, கொஞ்சம் தள்ளிப் போம்மா என்பதற்காக. வாயைத் திறந்தால் மைக்கில் கேட்குமே. அம்மா சட்டென்று புரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு நான் கம்ப்யூட்டரைத் திறந்தால் அவள் அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை. தண்ணிக்கே போனாலும் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் போவாள். இந்த மாதிரி விஷயங்களில் அம்மாவுக்கு நல்ல புரிதல்.

அவள் அப்படிச் சுற்றிச் சுற்றிப் போவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. முட்டி வலிக்காரி. அதனால்தான் வீட்டுக்குப் பின்னால், பொடக்காலியில், ஓர் அறை கட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். என் வசதிக்கு என்று ஊரில் சொல்கிறார்கள். அம்மா சிரமப்படக் கூடாதே என்றுதான் ஆரம்பமே.

டீ சூடு ஆற்றிக் குடியுங்கள். டம்ளர் ஒன்றுதான் இருக்கிறது. நான் பிறகு குடிக்கிறேன்.

இடம் தேர்ந்தெடுப்பதில் நான் செய்த தப்பைக் கேளுங்கள். அண்ணன் அன்றைக்கே சொன்னான். "வூட்டுச் செவுத்தையே புடிச்சுக் கட்டிப்போடலாமுடா. ஒரு செவுரு மிச்சம். நடுவுல ஒரு கதவு வெச்சுட்டா அம்மா காப்பி கொண்டாந்து குடுக்கறதுக்கும் ஆச்சு."

"சத்தம் வருமேண்ணா."

"எந்தச் சத்தம்? தறிச் சத்தமா, எங்க சத்தமா?"

"பொதுவாச் சொன்னேன்."

"பொதுவான்னா நாங்கதான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அண்ணன் அப்படித்தான், எதற்கும் ஒரு நக்கல்.

நான் தள்ளித்தான் கட்டினேன். நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்குச் சந்து. அங்கேதான் தப்பு. சந்து விட்டால் எலி வரும், குப்பை சேரும், கூட்டவும் முடியாது. அதோடு கூரைச் சரிவை யோசிக்காமல் வீட்டுப் பக்கமாக விட்டுவிட்டேன். முதல் மழைக்கு என் தகரத்துத் தண்ணீர் முழுவதும் அம்மாவின் அடுப்படிச் சுவரில் போய் அடித்தது. சுவர் ஊறி உள்ளே அரிசி மூட்டை நனைந்துவிட்டது. அண்ணன் மழையிலேயே மண்வெட்டியோடு வந்து வாய்க்கால் வெட்டிவிட்டான். நான் அப்போது மீட்டிங்கில் இருந்தேன். தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் எனக்கு எதுவுமே கேட்கவில்லை. சத்தத்துக்குப் பயந்து கட்டிய அறை அண்ணா, மழை பெய்தால் வீட்டைவிட இங்கேதான் இரைச்சல். இப்போது மேலே தென்னங்கீற்று போட்டிருக்கிறேன். நீங்கள் தகரம் போடாதீர்கள்.

சுவருக்கு வருவோம். ஹாலோ பிளாக் போதும். ஆனால் ஒவ்வொரு வரிசைக்கும் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். யார் வைத்த வரிசையாக இருந்தாலும் சரி, மட்டம் தப்பியிருந்தால் தாட்சண்யம் பார்க்காமல் பிரித்துவிடுங்கள். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்து எனக்குக் கல் வைத்துக் கொடுத்தான். ஆசையாகத்தான் வைத்தான். கண் மட்டத்திலேயே வைத்துக்கொண்டு போய்விட்டான். திங்கட்கிழமை நான் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழ் ஓரத்துக்குப் போகிறது. வீடியோவில் என்ன சொல்கிறார்கள்? கீழே இருக்கிற கோணல் மேலே போகப் போகப் பெரிதாகும் என்கிறார்கள். சிமெண்ட் முழுதாக இறுகுவதற்குள் அவன் வைத்ததையெல்லாம் எடுத்துவிட்டு நானே திரும்ப வைத்தேன். அவன் ஷிப்ட் முடிந்து வந்தான். பார்த்தான். "நேத்து வெச்ச கல்லா இது?" என்றான். "மட்டம் போயிருந்துச்சுண்ணா" என்றேன். "ஓ" என்றான். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டான். கோபமெல்லாம் படவில்லை. அதற்குப் பிறகு பாவம் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் தறி வேலை வந்துவிட்டது. மீதியை நான் தனியாகத்தான் முடித்தேன்.

உங்கள் மகளுக்குக் கட்டும்போது ஜன்னலைக் கவனித்து வையுங்கள். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் திரையில் முகம் இருட்டிப்போகும். பின்சுவரில் எதுவும் மாட்டக் கூடாது. இதோ, இந்த வெளிர் நீலம் பார்த்தீர்களா? இந்த நிறத்துக்காகக் கடை கடையாக அலைந்தேன். முதல் நாள் இந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்ததும் டீம் லீடர் கேட்டார், "ஆபீஸுக்கு வந்துட்டீங்களா தரணி?" அந்த ஒரு வார்த்தைக்கு நான் பட்ட பாடெல்லாம் மறந்துபோயிற்று.

இனி சொல்வது கட்டடத்தைப் பற்றியது இல்லை. ஆனால் கட்டுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

அறை முடிந்ததும் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சலாம் என்று நினைத்தேன். அம்மா கையால் காய்ச்ச வேண்டும் என்று எனக்கு ஆசை. கேட்டேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாலெல்லாம் எதுக்கு சாமி? பொடக்காலி ரூமுதானே."

"புது எடம்மா. ஒரு மங்களத்துக்கு."

"மங்களத்துக்கு ஒரு வெளக்குப் பத்த வையி. போதும்."

"ஏம்மா, பால் காச்சுனா என்ன?"

"பால் காச்சுனா அது வூடு."

"ரூமுதாம்மா அது."

"அப்பக் காச்சாத."

அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி புடைக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் பெரியவர்களுக்கு இருக்கிற பழைய எண்ணம் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கலாம்தான். ஆனால் டீமில் எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அறை கட்டுவதை நான் அவ்வப்போது போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு பெண், டெல்லிக்காரி, உங்கள் பக்கம் பால் பொங்குவதுதான் கிரகப்பிரவேசமாமே, அதை எங்களுக்குக் காட்டு, பார்க்க வேண்டும் என்றாள். அதற்கு என்ன, காட்டுகிறேன் என்றேன். இந்தக் கரண்ட் அடுப்பை வாங்கினேன். ஒரு வெள்ளிக்கிழமை, கேமராவைத் திருப்பி வைத்து, குத்துவிளக்குக்குப் பதில் ஓர் அகல் ஏற்றி, பாலைப் பொங்கவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். நன்றாக இருந்தது. பொங்கிய பாலை டம்ளரில் ஊற்றி, சர்க்கரை போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா வாங்கிக்கொண்டாள். குடித்தாளா என்று தெரியவில்லை. நான் உடனே திரும்பிவிட்டேன், மீட்டிங் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டொரு நாளில் அண்ணன் வந்தான். கையில் பெரிய அன்னக்கூடை. நிலையில் இடிக்காமல், உள்ளேயும் வராமல், வாசலிலேயே இறக்கி வைத்தான்.

"என்னண்ணா இது?"

"அம்மா குடுத்துது. எல்லாம் சரியா இருக்குதான்னு பாத்துக்க."

ஒரு சோற்றுக் குண்டா. ஒரு கரண்டி. கொஞ்சம் அரிசி, பருப்பு. மேலே உப்பும் மஞ்சளும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அண்ணா. பார், அம்மா வேண்டாம் வேண்டாம் என்றாலும் புது அறைக்குச் சீர் அனுப்பிவிட்டாளே! அதிலும் அடியில் என்ன வைத்திருந்தாள் தெரியுமா? என் தட்டு. எவர்சில்வர் தட்டு, விளிம்பில் என் பெயர் வெட்டியது, நான் ஹாஸ்டலுக்குப் போன வருடம் வாங்கியது. லீவுக்கு வந்தால் அதில்தான் சாப்பிடுவேன். நான் இல்லாதபோது அதை யாருக்கும் தரமாட்டாள். அதைக்கூட ஞாபகமாக எடுத்துக் கொடுத்திருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன். அண்ணனிடமும் சொன்னேன், "பாருண்ணா, அம்மாவுக்குச் சமாதானமாயிருச்சு." அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "படிச்சவந்தானடா நீ?" என்றான். நக்கல்தான்.

அன்று ராத்திரி வழக்கம்போல வீட்டுக்குள் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். அண்ணி திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தாள். என் தட்டு இங்கே அல்லவா இருக்கிறது? அம்மா பரணைக் காட்டினாள். அண்ணி ஸ்டூல் போட்டு ஏறி, விருந்தாளிகள் வந்தால் எடுக்கிற பெரிய தட்டை இறக்கி, துடைத்து, எனக்குப் போட்டாள். எனக்காக எதற்கு அவ்வளவு சிரமம்? பிள்ளைக்காரி வேறு. மறுநாள் முதல் நானே இங்கே பொங்கிக்கொள்ள ஆரம்பித்தேன். சாதம் ஒரு நாள் குழையும், ஒரு நாள் விதை விதையாக நிற்கும். பழகிவிட்டது. நான் சாப்பிடப் போகாததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கே அது உறைத்தது. ஏன் யாருமே கேட்கவில்லை?

நீங்கள் ஏன் அண்ணா அப்படிப் பார்க்கிறீர்கள்?

இல்லை, சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் இந்த வழக்கம் உண்டா? மகன் வேறு குடித்தனம் போகும்போது அரிசியும் உப்பும் தட்டும் கொடுத்து அனுப்புவது? உண்டுதானே. எனக்கும் தெரியாதது இல்லை. எங்கள் பெரியப்பா மகன் வேறு போனபோது கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் அது கல்யாணமானவர்களுக்கு, சண்டை போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு. நான் யாரோடும் சண்டை போடவில்லையே! ஒரு கதவு தூரத்தில் இருக்கிறேன். இங்கே தும்மினால் அங்கே கேட்கும். இதில் வேறு என்ன, ஒன்று என்ன? ஒரு சின்னக் கரண்ட் அடுப்பை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் நினைப்பார்களா? அடுப்புதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அடுப்பு வாங்காமல் இருந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. உங்கள் மகள் அறையில் அடுப்பு மட்டும் வைக்காதீர்கள்.

அம்மாவிடம் நேராகப் போய்க் கேட்டேன். "ஏம்மா, என்னைய வேற வெச்சுட்டயா?"

"நான் எங்க கண்ணு வெச்சேன்? நீயாத்தான போன. நல்லா இருக்குது ரூமு. குளுகுளுன்னு இருக்குது, சத்தமில்லாம."

"நீ உள்ள வந்ததே இல்லையேம்மா. குளுகுளுன்னு இருக்குதுன்னு எப்படித் தெரியும்?"

"சன்னல் வழியாப் பாத்தன். நீ பேசீட்டு இருந்த. நான் அப்பிடியே நவுந்துட்டேன், அந்தக் கம்ப்யூட்டர்ல வுழுகாம."

நல்லதுக்குத்தானே நகர்ந்தாள்.

போன வாரம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். உங்களுக்கும் நேரமாகிறது. நித்திலா பாப்பாவுக்குக் காதுகுத்து வைத்தார்கள். வீட்டு வாசலில்தான் பந்தல். எனக்குத் தெரியும், அண்ணி முன்னமே சொல்லியிருந்தாள். ஆனால் நான்கு நாள் முன்னால் அம்மா இங்கே வந்தாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு, தட்டத்தில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமச் சிமிழ் எல்லாம் எடுத்துக்கொண்டு. வாசலில் நின்றாள். நான் சிரித்துவிட்டேன்.

"என்னம்மா இது? என்னையப் போயித் தட்டம் வெச்சு அழைக்கற?"

"மொறைன்னு ஒண்ணு இருக்குதல்ல சாமி. பங்காளி வூடு அத்தனைக்கும் வெச்சாச்சு. உனக்கு வெக்காம உட்டா நல்லா இருக்குமா?" தட்டத்தை நீட்டினாள். "ஞாயித்துக்கெழம வந்துரு. மொதப் பந்தியிலயே உக்காந்துக்க. உனக்கு வேல கெடக்கும்."

அண்ணா, உங்களுக்குத் தெரியாததா? வீட்டு ஆள் யாராவது முதல் பந்தியில் உட்காருவார்களா? வந்தவர்கள் எல்லோரும் எழுந்த பிறகு, பாத்திரத்தில் அடியில் இருப்பதை வழித்துப் போட்டுக்கொண்டு, வேர்வையோடு கடைசியில் உட்காருவதுதானே வீட்டு ஆள்? எனக்கு அந்த மூன்று நாளும் மீட்டிங்கில் மனம் நிற்கவில்லை. ஒரு விண்ணப்பத்தைத் தப்பாகக்கூட அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். யாரும் சொல்வதற்கு முன்னால் இலைக் கட்டைப் பிரித்தேன். பெஞ்சு துடைத்தேன். முதல் பந்திக்கு ஆட்கள் உட்கார்ந்ததும் குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டேன்.

அண்ணன் வந்து வாளியின் கைப்பிடியைப் பிடித்தான்.

"குடுடா. நீ போயி உக்காரு."

"நானும் பரிமாறறேன்ணா."

"வேட்டியெல்லாம் குழம்பாயிரும்டா. அப்பறம் மீட்டிங்ல எப்பிடி உக்காருவ?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நான் கொஞ்ச நேரம் விடவில்லை. அவனும் விடவில்லை. குழம்பு தளும்பியது. எல்லோரும் பார்க்கிறார்களே என்று நான் விட்டுவிட்டேன். அண்ணி ஓர் இலையைக் காட்டினாள். உட்கார்ந்தேன். ஒரு பக்கம் அண்ணியின் சித்தப்பா, இன்னொரு பக்கம் யாரென்று தெரியாத ஒருவர். அவர் என்னைப் பார்த்து, "தம்பி எந்த ஊரு?" என்றார்.

கறி வாளி அம்மா கையில். ஒவ்வோர் இலையாக வந்துகொண்டிருந்தாள். ஹாஸ்டலில் இருந்து லீவுக்கு வரும் நாட்களில் அம்மா என்னைக் கேட்டு எதையும் வைத்ததே இல்லை. போதும் என்று இரண்டு கையையும் தட்டுக்கு மேலே விரித்தால் கை மேலேயே ஊற்றுவாள். "எலும்பெண்ணிப் பாக்கற மாதிரி வந்திருக்கற, போதுமாம் போதும்" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவாள்.

என் இலைக்கு வந்தாள். ஒரு கரண்டி வைத்தாள். குனிந்து, மெதுவாக, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள். அந்தக் குரல் அம்மாவிடம் உண்டு என்றே எனக்குத் தெரியாது.

"இன்னங் கொஞ்சம் வெக்கட்டுங்களா?"

என்னைத்தான் கேட்டாள். பழக்க தோஷம், வாயில் வந்துவிட்டது: "போதும்மா."

அம்மா கரண்டியை வாளியில் போட்டுக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.